வராதவனின் கையெழுத்து

பதினெட்டு வருஷம் ஒரு தொழிற்சாலை வாசலில், வேலைக்கு வருகிறவர்களின் நேரத்தைப் பதிகிற டைம் ஆபீஸ் கிளார்க்காக உட்கார்ந்திருந்தவள் அவள். அண்ணன் இன்னும் வரவில்லை என்று தம்பி அவன் கார்டையும் சேர்த்து அடித்துவிட்டுப் போவான். சிநேகிதி பஸ்ஸைத் தவறவிட்டாள் என்று பக்கத்து மெஷின்காரி இரண்டு கார்டைச் சொருகுவாள். எல்லாரையும் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். "அஞ்சு நிமிஷம்தானே மேடம், இப்ப வந்துடுவான்" என்று கெஞ்சுவார்கள். வராத ஆள் வராத ஆள்தான். உள்ளே தீப்பிடித்தால் அந்தக் கார்டுகளைப் பார்த்துத்தான் எத்தனை பேரை வெளியே இழுக்கவேண்டும் என்று எண்ணுவார்கள். இதை அவள் எத்தனை தரம் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வைத்திருந்த பேர் எதுவும் சபையில் சொல்லக்கூடியதில்லை.

அப்படிப்பட்டவளின் ஒரே தம்பி செத்தது ஒரு பொய் வருகைப் பதிவால். இதைவிட வயிறு எரிய வேறு என்ன வேண்டும்?

மலை மேல் நாற்பது நாள் நடக்கிற நெடும்பாதை அது. வழியில் இருபத்திரண்டு குடில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தடித்த நோட்டு. வந்தவர் பேரும் வந்த நேரமும் எழுதவேண்டும், கிளம்பும்போது கிளம்பிய நேரம். சொந்தப் பேரை யாரும் எழுதுவதில்லை. கூட நடக்கிறவர்கள் வைக்கிற பட்டப்பேர்தான் அங்கே பேர். ஒல்லியும் உயரமுமான தம்பியைக் 'கொக்கு' ஆக்கியிருந்தார்கள். அவனோடு சேர்ந்து நடந்தவன் எந்நேரமும் சீட்டியடித்துக்கொண்டே போகிறவன், அவன் 'விசில்'. தம்பி போன் செய்யும்போதெல்லாம் பின்னால் அந்தச் சீட்டி கேட்கும். ஒரே மெட்டு, பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து. "அக்கா, இங்க முன்னப்பின்ன தெரியாதவங்க கூப்பிட்டு உக்காரவச்சு சாப்பாடு போடுறாங்கக்கா. நம்ம ஊர்ல தெரிஞ்சவன்கூட போடமாட்டான்" என்று சிரிப்பான்.

அந்தப் பாதையில் ஒரு வழக்கம் இருந்தது. கூட வருகிறவன் மெதுவாக வந்தால், முன்னால் போய்ச் சேர்ந்தவன் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதிவிடுவான். இல்லாவிட்டால் படுக்கை போய்விடும். எல்லாரும் செய்தார்கள், யாருக்கும் அது தப்பாகவே படவில்லை.

போன வருஷம் பதினேழாவது குடிலில் விசில் எழுதினான்: 'விசில், கொக்கு. வந்தாச்சு. 3.40.' எழுதிவிட்டுச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். படுத்தவன் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும்போது நோட்டைப் பார்த்த குடில்காரர், பேர் எல்லாம் இருக்கிறது என்று கதவைச் சாத்தினார். முழங்கால் பிசகி, கணவாய்க்கு இந்தப் பக்கம் மூன்றாவது கற்குவியலுக்குக் கீழே பாறைச் சந்தில் காற்றுக்கு ஒதுங்கியிருந்த கொக்கைத் தேடி யாரும் போகவில்லை. குடிலிலிருந்து அரை மணி நடை. காலையில் போனபோது விறைத்துக் கிடந்தான்.

விசாரித்தவர்கள் விபத்து என்று எழுதி முடித்தார்கள். குடில்காரர் மட்டும் போனில் அழுதுகொண்டே நடந்ததைச் சொல்லி, நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார். இரண்டு பேர், ஒரே கை. 'கொ'வின் கொம்பு வளைந்த விதத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. விசில் சாவுக்கு வரவில்லை. ஒரு கடிதாசி இல்லை, ஒரு போன் இல்லை. ஒரு வருஷம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் ஒருநாள் நடக்கிறவர்களின் இணையப் பக்கத்தில் யாரோ போட்டிருந்தார்கள்: விசில் மறுபடியும் கிளம்பிவிட்டான்.

என்ன நெஞ்சழுத்தம்! சேர்த்து வைத்திருந்த லீவு முழுவதையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் அவள் முகத்தைப் பார்த்தார், காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

அவள் புறப்பட்டபோது அவன் ஒன்பது நாள் முன்னால் இருந்தான். முதல் குடிலின் நோட்டில் அவன் எழுதியிருந்தது: 'விசில். மறுபடியும். இந்தத் தடவை முடிக்கணும்.' முடிக்கணுமாம்! அவள் பேனாவை எடுத்து, அதற்கு நேர் கீழே, டைம் ஆபீஸின் குண்டுக் கையெழுத்தில் எழுதினாள்: 'இவன் போன வருஷம் பதினேழாவது குடிலில், வராத ஆளுக்கு வந்ததாக எழுதிவிட்டுத் தூங்கியவன். அந்த ஆள் என் தம்பி. செத்துப்போனான்.'

அடுத்த குடிலிலும் அதையே எழுதினாள். அதற்கடுத்ததிலும்.

உண்மையில் அவளிடம் அப்போது வேறு திட்டம் எதுவும் இல்லை. பதினேழாவது குடிலில் அவனைப் பிடிக்கவேண்டும், அந்தப் பழைய பக்கத்தை அவன் மூக்குக்கு நேராக நீட்டவேண்டும், அவ்வளவுதான் யோசித்திருந்தாள். நடக்க நடக்கத்தான் இந்தப் பாதை எதில் ஓடுகிறது என்று தெரிந்தது. காசில் ஓடவில்லை, காலில்கூட ஓடவில்லை. தெரியாதவர்களின் தயவில் ஓடியது. மூன்றாம் நாள் மழையில் நின்றவளை ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு, ஊரில் இறக்கிவிட்டதோடு நிற்காமல், சலவைக்கடை அம்மாவைக் கூப்பிட்டு அவள் துணியைக் காயவைத்துக் கொடுக்கச் சொன்னார். பாதை ரோட்டைத் தாண்டுகிற இடத்திலெல்லாம் யாராவது ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். உள்ளே தண்ணீர், பழம், பிஸ்கெட். வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது.

ஐந்தாம் நாள் கொப்புளம் உடைந்து ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் வந்த ரிட்டயரான நர்ஸ் ஒருத்தி கேட்காமலே அவள் ஷூவைக் கழற்றினாள். காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கழுவி, ஊசியைத் தீயில் காட்டிக் குத்தி, மருந்து போட்டாள்.

"விடுங்கம்மா, அழுக்குக் கால்" என்றாள் அவள்.

"முப்பத்தஞ்சு வருஷம் இதைவிட அழுக்கெல்லாம் பாத்தாச்சு. ஆட்டாம வை."

அம்மா போனதிலிருந்து அவள் காலை யாரும் தொட்டதில்லை. அழுகை வந்துவிட்டது. அழுகைக்குப் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. இதே தயவுதானே அவனுக்கும் கிடைத்துக்கொண்டிருக்கிறது? அவன் காலையும் யாரோ மடியில் வைத்துக் கழுவுவார்களே! இந்த மலையில் ஊற்றுகிற அன்புக் குழாயை அவனுக்கு மட்டும் அடைக்கவேண்டும். அப்போதுதான் தான் எழுதுகிற வரி எதற்கு என்று அவளுக்கே விளங்கியது.

நர்ஸம்மா அன்றிலிருந்து கூடவே நடந்தாள். வேகமில்லை, நிற்பதுமில்லை என்று இவளுக்கு 'எறும்பு' என்று பேர் வைத்தவளும் நர்ஸம்மாதான். "கடிக்கிற எறும்பு" என்று இவள் மனசுக்குள் சேர்த்துக்கொண்டாள்.

ஒன்பதாவது குடிலைத் தாண்டி ஒரு பெட்டி. நல்ல பசி. உள்ளே இருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தில் பாதியைத் தின்ற பிறகுதான் அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். 'பின்னாடி வர்றவங்களுக்கு. விசில்.' துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. கடைசியில் முழுங்கினாள். வாயை மூன்று தரம் கொப்பளித்தாள். "என்னாச்சு, கல்லா?" என்றாள் நர்ஸம்மா. "விஷம்" என்றாள் அவள்.

வரி வேலை செய்தது. பின்னால் வந்தவர்கள் நோட்டைப் படித்தார்கள், போனில் முன்னால் போகிறவர்களுக்குச் சொன்னார்கள். அவளைத் தாண்டி வேகமாகப் போனவர்கள் வாய்வழியாகக் கொண்டுபோனார்கள். முன்னால் நடந்ததை எதிரே வந்தவர்கள் அவளிடம் சொன்னார்கள். பன்னிரண்டாவது குடிலில் விசில் வந்து உட்கார்ந்ததும் மேஜையிலிருந்தவர்கள் தட்டோடு எழுந்து போனார்களாம். ஒரு ஊரில் அவன் கை காட்டியும் ஒரு வண்டி நிற்கவில்லையாம். பதினாலாவதில் படுக்கை காலியாக இருந்தும் இல்லை என்றார்களாம், வெளியே தன் கூடாரத்தில் படுத்தானாம். வண்டியும் படுக்கையும் இல்லாமல் அவன் நடை சுணங்க, ஒன்பது நாள் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த தூக்கம் அது.

நர்ஸம்மாவுக்கு மட்டும் இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. "நீ எழுதினது பொய்யில்ல. ஆனா எல்லாரும் சேர்ந்து ஒருத்தனைத் தள்ளிவச்சா, அவன் விழுந்தாக்கூட யாருக்கும் தெரியாதும்மா" என்றாள்.

"என் தம்பி விழுந்தது தெரிஞ்சுதா?"

நர்ஸம்மா நோட்டில் தன் பேரை எழுதுவதோடு சரி. மற்றவர்கள் எழுதியதைப் படிக்கமாட்டாள்.

பதினைந்தாவது குடிலுக்குக் கீழே ஒரு சின்ன ஊர். அங்கே செருப்புத் தைக்கிறவர் அவள் ஷூவின் வாரைத் தைத்து, அடிக்குப் பசை போட்டு, காசு வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டார். "எறும்புன்றது நீங்கதானேம்மா? நேத்து அந்த ஆள் வந்தான். ஷூவோட அடி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. பசை ஆறிப்போச்சு, நூல் தீந்துபோச்சுன்னு அனுப்பிட்டேன்" என்று தன் முன்னால் கிடந்த நூல்கண்டைக் காட்டிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

பதினாறாவது குடிலில் ஆள் கிடையாது. நாலு சுவர், ஒரு அடுப்பு, ஒரு நோட்டு. அவளும் நர்ஸம்மாவும் கீழே ஓடைக்கரையில் கூடாரம் போட்டிருந்துவிட்டுக் காலை எட்டேகாலுக்கு அங்கே ஏறினார்கள். நர்ஸம்மா தண்ணீர் பிடிக்கப் போனாள். இவள் நோட்டைத் திறந்தாள். 'விசில். கிளம்பறேன். 6.20.' அன்றைய தேதி. இரண்டு மணி நேரம்தான் முன்னால் இருக்கிறான்! அவசரமாக வரியை எழுதினாள். இன்றைக்குப் பதினேழில் பிடித்துவிடலாம். எந்த இடத்தில் பிடிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாளோ அதே இடத்தில்.

கணவாயில் காற்று ஆளைத் தள்ளியது. தொப்பியைக் காதுவரை இழுத்துக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். வழி தெரிவதற்காக நடக்கிறவர்கள் அடுக்கிவைத்த கற்குவியல்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலாவது, இரண்டாவது. மூன்றாவதற்குக் கீழேதான் அந்தப் பாறைச் சந்து. இறங்கிப் பார்க்கவேண்டும், ஒரு பூவாவது வைக்கவேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவள், அங்கே வந்ததும் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று கடந்துவிட்டாள். பார்க்கத் தெம்பில்லை. கையில் பறித்து வைத்திருந்த பூவைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டாள்.

பதினேழாவது குடிலின் வாசலில் புதுசாக ஒரு பலகை தொங்கியது. 'அவரவர் பேரை அவரவரே எழுதவும்.' உள்ளே நோட்டோடு பேனா கயிற்றில் கட்டப்பட்டிருந்தது. குடில்காரர் நரைத்த தாடிக்காரர். அவளைப் பார்த்ததும் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தம்பியின் மூக்கு அவளுக்கு. அவள் முதுகுமூட்டையை இறக்கி வைத்தார், அடுப்புப் பக்கத்து இடத்தைக் காட்டினார், இரண்டு டம்ளரில் டீ ஊற்றினார். அப்புறம், போன வருஷத்திலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"பின்னாடி யாராவது வர்றாங்களா?"

"யாரும் இல்லீங்க, நாங்கதான் கடைசி" என்றாள் நர்ஸம்மா.

அவள் அதற்குள் நோட்டைத் திறந்திருந்தாள். அவன் பேருக்குக் கீழே எழுத விரல் துறுதுறுத்தது. அவன் பேர் இல்லை. முந்தின பக்கம் பார்த்தாள். இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று நாற்பது.

ஆறு இருபதுக்குக் கிளம்பியவன், ஷூ எப்படிக் கிழிந்திருந்தாலும், இரண்டு மணிக்காவது வந்திருக்கவேண்டும். இருபத்தெட்டு நாளாக அவன் எழுதிய ஒவ்வொரு நேரத்தையும் படித்தவள் அவள். அவன் நடையை அவன் அம்மாவைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். பாதை ஒன்றே ஒன்றுதான். அவர்கள் அவனைத் தாண்டவில்லை. அப்படியென்றால் பாதையை விட்டு இறங்கியிருக்கிறான். எங்கே இறங்கியிருப்பான் என்பதும் அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட இடத்தில்.

டீயை ஒரு வாய் குடித்தாள்.

அவன் வரவில்லை என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. தேட யாரும் இல்லை, காத்திருக்க யாரும் இல்லை. அதையெல்லாம் அவளே இருபத்தெட்டு நாளாக உட்கார்ந்து ஏற்பாடு செய்திருக்கிறாள். இனி அவள் ஒன்றுமே செய்யவேண்டாம். டீயைக் குடித்து முடித்தால் போதும். அதே சந்து, அதே குளிர். கேட்டால் விபத்து என்று எழுதுவார்கள். இதைவிடப் பொருத்தமாக அவளே உட்கார்ந்து யோசித்திருந்தாலும் அமைந்திருக்காது. சாகட்டும். சாகட்டும் என்று உதடு அசையவே சொல்லிப் பார்த்தாள். இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது.

குடில்காரர் நோட்டைப் பார்த்துவிட்டு, "சரி, எல்லாரும் வந்தாச்சு" என்று கதவைச் சாத்தப் போனார்.

அந்த வார்த்தைதான் அவளைக் குத்தியது. எல்லாரும் வரவில்லை. வராத ஒருத்தனை வந்ததாக வைத்து வாசலை அடைக்கிறார்கள், அவள் கண் முன்னால், அவளுக்குத் தெரிந்தே. பதினெட்டு வருஷத்தில் ஒரு பொய் வருகையை அவள் விட்டதில்லை. அவனாவது தெரியாமல் தூங்கினான். அவள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"சாத்தாதீங்க" என்றாள். "ஒருத்தன் வரல."

"யாரு?"

"விசில். ஆறு இருபதுக்குப் பதினாறுலேர்ந்து கிளம்பியிருக்கான். மூணாவது கற்குவியலுக்குக் கீழ இருப்பான். கயிறு எடுங்க, ஸ்ட்ரெச்சர் எடுங்க. சீக்கிரம்!"

நர்ஸம்மா மருந்துப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். குடில்காரர் அதற்குள் வாசலில் நின்றார். ஒரு வருஷமாக இதற்காகவே தயாராக இருந்தவர்போல இருந்தது அவர் வேகம். மூன்றாவது கற்குவியல் கிட்டத்தில் காற்று ஒரு நிமிஷம் அடங்கியது. அப்போது கேட்டது, கீழேயிருந்து, மெலிசாக. அதே மெட்டு. தம்பியின் போனில் பின்னால் கேட்குமே, பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்குமே, அது. அந்தச் சத்தத்தை வெறுத்தபடியே அதை நோக்கி முதலில் இறங்கியவள் அவள்தான்.

பாறைச் சந்தில் கால் மடங்கிக் கிடந்தான். கணுக்காலுக்கு மேலே எலும்பு உடைந்திருந்தது. ஷூவின் அடி முழுசாகப் பிய்ந்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தான். அந்தக் கயிறுதான் வழுக்கியிருக்கவேண்டும். செருப்புத் தைக்கிறவரின் நூல்கண்டு அவள் கண்ணுக்குள் வந்தது. கூடவே தன் சிரிப்பும் வந்தது. அதை நினைக்க அவளுக்குக் கேவலமாக இருந்தது, மறைத்துப் பயனில்லை. பாறை மேல் ஒரு பிடி காட்டுப்பூ கிடந்தது. அவள் தன் சட்டைப் பையிலிருந்த பூவை எடுத்து, அதன்மேல் வைக்காமல், தள்ளி வைத்தாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். சின்ன வயசுதான், தம்பி வயசு. "எறும்பா?" என்றான்.

"பேசாத. காலை ஆட்டாத" என்றாள்.

மூன்று பேரும் மாறி மாறித் தூக்கினார்கள். கல்லில் வழுக்கும்போது அவள் தோள்தான் தாங்கியது. ஐந்தே முக்காலுக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, குடிலுக்குள் பெஞ்சில் கிடத்தினார்கள். நர்ஸம்மா காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினாள். மீட்பு வண்டி கீழேயிருந்து கிளம்பிவிட்டது என்றார் குடில்காரர்.

"போன வருஷ நோட்டு எங்க?" என்று கேட்டாள் அவள்.

அவர் தகரப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். பக்கம் எது என்று தேடவேண்டியிருக்கவில்லை, அது தானாகவே அங்கே பிரிந்தது. பெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துத் தன் பேனாவை நீட்டினாள்.

"இப்பவாம்மா? கால் ஒடிஞ்சு கிடக்கான்" என்றாள் நர்ஸம்மா.

"கை நல்லாத்தானே இருக்கு."

அவன் அந்தப் பக்கத்தைப் பார்த்தான். வாய் கோணிக்கொண்டு அழுதான். "படுக்கை போயிடும்னுதான் போட்டேன்க்கா. அரை மணில வந்துடுவேன்னு சொன்னான். சும்மா கண்ணை மூடினேன். காலைல பக்கத்துப் படுக்கை மடிப்புக் கலையாம இருந்துச்சு. உங்க வீட்டு வாசல்வரைக்கும் ஒருதடவை வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்க்கா."

"கதவைத் தட்டியிருக்கணும். இப்ப எழுது."

அவன் 'கொக்கு' என்ற பேரைக் குறுக்கே அடித்தான். பக்கத்தில் எழுதினான்: 'வரவில்லை. நான்தான் எழுதினேன்.' கீழே தன் பட்டப்பேரை எழுதவில்லை, அம்மா அப்பா வைத்த பேரை எழுதினான். அவள் அதை ஒருமுறை படித்துவிட்டு நோட்டை மூடினாள். ஒரு வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தாள். தம்பி திரும்பி வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. ஆனால் பக்கம் சரியாகிவிட்டது.

குடில்காரர் இன்றைய நோட்டைக் கொண்டுவந்தார். அதற்குள் வலியில் அவன் விரல்கள் உதற ஆரம்பித்திருந்தன. பேனா இரண்டு தரம் நழுவிக் கயிற்றில் தொங்கியது.

"அக்கா," என்றான், "என் பேரை நீங்களே போட்டுடுங்களேன்."

குடில்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பேனாவை எடுத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதற்குள் பேனாவை வைத்து மூடினாள். நோட்டு நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உன் பேரை நீ எழுது" என்றாள். "எவ்வளவு நேரமானாலும் பிடிச்சுக்கிட்டிருக்கேன்."

எழுத்து எழுத்தாக, கோணல்மாணலாக, எழுதி முடித்தான். உள்ளே வந்த நேரத்தைச் சரியாகப் போட்டிருக்கிறானா என்று அவள் பார்த்தாள். அப்புறம் பேனாவை வாங்கி, அவன் பேருக்கு நேர் கீழே, வழக்கமான வரியை எழுதினாள். ஒரு சொல்கூடக் குறைக்கவில்லை. அதற்குக் கீழே இன்னொன்று சேர்த்தாள்:

'இன்று வந்தான். 5.45. நான் பார்த்தேன்.'